வலை இழுக்கற இடத்துல நங்கூரம் போடாதீங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கரீபியன் பக்கம் இருக்கற டொபேகோ தீவோட வடகிழக்கு மூலையில இருக்கற சார்லட்வில்ங்கற மீனவ கிராமத்துக்கு பாய்மரப் படகுல போய் பத்து நாள் தங்கினதை எழுதியிருந்தேன். மேன் ஆஃப் வார் பேன்னு ஒரு பெரிய குடா, சுத்தி காட்டு மலை, மலையடியில ஊர், கரையோரமா மீன்பிடி படகுங்க. இத்தனை லெட்டர் வரும்னு நினைக்கலை. பாதிக்கு மேல நங்கூரத்தைப் பத்தியே கேட்டிருக்கீங்க, அதனால இந்தத் தடவை முழுக்க அதுதான்.

உங்க படகு 38 அடி, எடை எட்டு டன்னுன்னு எழுதியிருந்தீங்க. நங்கூரம் வெறும் 20 கிலோ. எப்படி சார் தாங்கும்?
(வாசகர், ஈரோடு)

நங்கூரம் எடையால பிடிக்கறது இல்லைங்க, மண்ணுக்குள்ள புதைஞ்சு பிடிக்குது. ஏர்க்கொழு மாதிரின்னு வெச்சுக்கோங்க, படுக்கவாட்டுல இழுத்தா இன்னும் உள்ள இறங்கும், மேல்பக்கமா இழுத்தா பிடுங்கிட்டு வந்துடும், அவ்ளோதான் விஷயம். அதனால படகு எவ்ளோ ஆடினாலும் நங்கூரத்துக்கு வர்ற இழுவை தரையோட தரையா வரணும், அதுக்குத்தான் சங்கிலியை நீளமா விடறது. கணக்கு இப்படி: நாங்க போட்ட இடத்துல ஆழம் 12 மீட்டர், தண்ணியில இருந்து படகோட முகப்பு உயரம் 1 மீட்டர் 20 சென்டி, ஓதம் ஏறினா இன்னொரு 80 சென்டி, ஆக மொத்தம் 14. இதை 5 மடங்கு ஆக்கினா 70 மீட்டர் சங்கிலி. 3 மடங்கு மட்டும் விட்டா காத்து பலமா அடிச்சு சங்கிலி விறைக்கும்போது நங்கூரத்துக்கிட்ட கிட்டத்தட்ட 20 டிகிரி மேல்நோக்கி இழுக்கும், 5 மடங்குக்கு 11, 12 டிகிரி, 7 மடங்கு விட்டா 8 டிகிரி தான்.

லேசான காத்துல சங்கிலியோட எடையே போதும். 10 மில்லி சங்கிலி மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல வரும், 70 மீட்டர்னா 150 கிலோவைத் தாண்டும், அது பாதி தரையிலேயே படுத்துக் கிடக்கும். காத்தோட வேகம் 15 நாட்ல (நாட்ங்கறது கடல்ல வேகத்தை அளக்கற அலகு) இருந்து 30 நாட் ஆச்சுன்னா அழுத்தம் ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும், அப்ப சங்கிலி முழுக்க எழும்பி கம்பி மாதிரி நிக்கும். அந்த அதிர்ச்சி படகோட முகப்புல நேரா இடிக்காம இருக்க சங்கிலியில ஒரு நைலான் கயித்தை கொக்கி போட்டு மாட்டி, இழுவையை அதுமேல ஏத்திடுவோம், நைலான் நல்லா நீண்டு கொடுக்கும்.

ஏர்க்கொழுன்னு சும்மா சொல்லலை. 1933-ல ஜி.ஐ. டெய்லர்னு இங்கிலாந்து இயற்பியல் விஞ்ஞானி, திரவ ஓட்டத்தைப் பத்தின ஆராய்ச்சியில பெரிய பேர், அவர் பாய்மரப் படகு ஓட்டறவரும்கூட, கலப்பை வடிவத்துலயே ஒரு நங்கூரம் கண்டுபிடிச்சார், சி.க்யூ.ஆர்.னு பேரு. கரீபியன் முழுக்க இன்னும் பழைய படகுகளோட முகப்புல அதைப் பார்க்கலாம்.

இந்தக் கணக்குல ஒண்ணைக் கவனிச்சீங்களா? 70 மீட்டர் சங்கிலி, அதோட நுனியில 38 அடி படகு. காத்து திரும்பினா நங்கூரத்தை நடுவுல வெச்சு படகு ஒரு வட்டம் போடும், அந்த வட்டத்தோட விட்டம் 150 மீட்டருக்கு மேல. ஒரு ஃபுட்பால் கிரவுண்டை விட நீளமான இடத்தை, ஒரே ஒரு சின்ன படகு, வேறொருத்தரோட குடாவுல எடுத்துக்குது. கீழ நாகப்பட்டினம் வாசகர் கேட்டிருக்கறதுக்கு இதுதான் ஆரம்பம்.

எங்க போடறதுன்னு எப்படி முடிவு பண்றீங்க? மேப்ல இருக்குமா?
(வாசகி, சென்னை)

சார்ட்ல ஆழம் இருக்கும், அடியில மணலா பாறையான்னு குறிச்சிருக்கும், ஆனா கடைசி முடிவு கண்ணாலதான். முக்கியமான விஷயம் நேரம், காலையில 10 மணில இருந்து மதியம் 3 மணிக்குள்ள போய்ச் சேரணும். சூரியன் உச்சியில இருந்தாத்தான் தண்ணிக்குள்ள தெரியும், போலராய்டு கண்ணாடி போட்டு முகப்புல ஒருத்தர் நிக்கணும். மணல் வெளிர் பச்சையா, வெளிர் நீலமா பளிச்சுனு தெரியும், புல்லும் பவளமும் இருட்டா தெரியும். பவளத்துமேல போடவே கூடாது, சங்கிலி ஒரு ராத்திரி அங்கயும் இங்கயும் அரைச்சாலே நூறு வருஷம் வளர்ந்த பவளம் பொடியாயிடும், அதுக்கு மன்னிப்பே கிடையாது. அந்தப் பகுதி, வடகிழக்கு டொபேகோ, 2020-ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்ச இடம், ஆனா காப்பகமா இல்லாட்டியும் இதேதான் சொல்வேன்.

சார்லட்வில்ல சிக்கல் என்னன்னா ஆழம். கரைக்கு ரொம்பக் கிட்ட வந்த பிறகுதான் 12 மீட்டருக்கு வருது, அதுவரைக்கும் மடமடன்னு இறங்கிக் கிடக்கு. அதனால எல்லா படகுக்கும் கிடைக்கற இடம் கரையோரமா ஒரு பட்டை மாதிரிதான். நாங்க முதல்ல ரெண்டு சுத்து மெதுவா சுத்திப் பார்த்தோம், எங்க மிதவை கிடக்கு, எந்த படகு எப்படித் திரும்பி நிக்குதுன்னு. மிதவைன்னா அழகான ஆரஞ்சு பந்து இல்லை, பழைய பிளாஸ்டிக் பாட்டில், அதுக்குக் கீழ மீன் கூடு. அந்தக் கயிறு புரொபெல்லர்ல சுத்திக்கிச்சுன்னா உங்க இன்ஜினும் போச்சு, அவரோட கூடும் போச்சு. ராத்திரியில தெரியாத குடாவுக்குள்ள நுழையாதீங்கன்னு சொல்றதுக்கு இது ஒண்ணே போதும், வெளியவே வேகத்தைக் குறைச்சு விடியற வரைக்கும் மிதந்துட்டு இருங்க.

இடம் பார்த்தாச்சுன்னா காத்துக்கு நேரா முகம் வெச்சு படகை நிறுத்தி, நங்கூரத்தை தரை தட்டற வரைக்கும் மெதுவா இறக்கி, படகு தானா பின்னால போகப் போக சங்கிலியை விடணும். மொத்தமா கொட்டினா நங்கூரத்துமேலயே குவிஞ்சு சிக்கிக்கும். எல்லாம் விட்ட பிறகு இன்ஜினை ரிவர்ஸ்ல போட்டு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், நிமிஷத்துக்கு 1000, 1500, 2000 சுத்துன்னு. அப்ப கரையில ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ரெண்டு பொருளைப் பார்த்து வெச்சுக்கோங்க, நாங்க ஒரு தென்னையையும் அதுக்குப் பின்னால இருந்த வீட்டு ஜன்னலையும் வெச்சுக்கிட்டோம், ரிவர்ஸ்ல இழுக்கும்போது தென்னை ஜன்னலை விட்டு விலகலைன்னா நங்கூரம் பிடிச்சிருக்கு. அப்புறம் கண்ணாடி மாட்டிட்டு தண்ணியில குதிச்சு நீந்திப் போய் மேல இருந்தே பார்த்துடுங்க. எங்களுது முழுசா மணலுக்குள்ள போய் பின்பக்க வளையம் மட்டும் தெரிஞ்சுது, பக்கத்துல ஒரு சின்ன திருக்கை மணலைப் போர்த்திக்கிட்டு படுத்திருந்துச்சு.

ராத்திரி நிம்மதியா தூங்க முடியுமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

முதல் ராத்திரி முடியாது, ரெண்டாவது ராத்திரில இருந்து தூங்கலாம். ஜி.பி.எஸ். அலாரம் இருக்கு, நங்கூரம் விழுந்த இடத்தைக் குறிச்சு வட்டம் போட்டா படகு வட்டத்தைத் தாண்டினதும் கத்தும்.

அது ஒருதடவை எங்களைக் காப்பாத்தியிருக்கு, இது வேற தீவுல, அடியில கடல்புல் இருந்த இடம். சாயங்காலம் வந்து சேர்ந்தோம், வெளிச்சம் குறைஞ்சு போச்சு, மணல்னு நினைச்சு போட்டது புல், ரிவர்ஸ் இழுத்தப்ப வேர்ல மாட்டி பிடிச்ச மாதிரி காட்டிடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு மழையோட காத்து வந்து அடிச்சுது, அலாரம் கத்த ஓடிப்போய்ப் பார்த்தா படகு 40 மீட்டர் நகர்ந்திருக்கு, பின்னால ஒரு மீன்பிடி படகு நங்கூரத்துல கிடக்கு, டார்ச் அடிச்சா அதோட பக்கப் பலகையில பெயிண்ட் உரிஞ்சது வரைக்கும் தெரியுது. இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆச்சு, முன்னால நகர்ந்து நங்கூரத்தைத் தூக்கினா கலப்பை முழுக்க ஒரு கூடை புல். அந்தப் படகு ஒரு குடும்பத்தோட சோறு, அதுமேல போய் மோதியிருந்தா என்ன பண்ணியிருப்போம்னு இன்னிக்கும் நினைச்சா நெஞ்சு அடைக்குது.

சார்லட்வில்ல இந்த மாதிரி காத்து முன்கூட்டியே தெரியாது. வழக்கமா வீசற கிழக்குக் காத்து மலைக்கு அந்தப் பக்கம் இருந்து வருது, மழைமேகம் முகட்டுக்குப் பின்னால மறைஞ்சிருக்கும், திடீர்னு சரிவுல இறங்கி அடிக்கும், ஒரு நிமிஷம் இந்தத் திசை, அடுத்த நிமிஷம் வேற திசை. தீவோட முதுகெலும்பு மாதிரி ஓடற மலைக்காட்டை, மரம் போனா மழை போயிடும்னு சொல்லி 1776-லயே சட்டம் போட்டு பாதுகாத்திருக்காங்க, அதனால மழைக்குக் குறைச்சலே இல்லை.

நங்கூரத்துல நிக்கும்போது ராத்திரி முழுக்க எல்லாப் பக்கமும் தெரியற மாதிரி ஒரு வெள்ளை விளக்கு எரியணும், பகல்ல கறுப்பு பந்து தொங்கணும். விளக்கை அணைச்சிட்டு பேட்டரி மிச்சம் பிடிக்கறவங்களை நிறைய பார்த்திருக்கேன், விடியக்காலை நாலு மணிக்கு கடலுக்குக் கிளம்பற மீனவர் இருட்டுல உங்க படகுல வந்து மோதினா அது யார் தப்பு?

நான் மீனவக் குடும்பம். எங்க ஊர்ல கரைவலை இழுக்கற இடத்துல யாரும் படகு கட்ட மாட்டாங்க. அங்க வெளியூர்க்காரங்க படகு வந்து நிக்கறது அந்த மீனவங்களுக்கு இடைஞ்சல் இல்லையா?
(வாசகர், நாகப்பட்டினம்)

இடைஞ்சல்தான் அண்ணே. நீங்க கேட்டதுக்காக நன்றி சொல்றேன், நான் எழுத மறந்ததே இதைத்தான்.

அங்கயும் கரைவலை இருக்கு, இங்கிலீஷ்ல அதுக்கு செய்ன் (seine)னு பேரு. முறை அப்படியே நம்ம கரைவலைதான். வலையோட ஒரு பக்கக் கயிறு கரையில ஆளுங்க கையில இருக்கும், பிரோக்னு சொல்ற நீளமான படகு வலையை இறக்கிக்கிட்டே கடலுக்குள்ள போய் மீன் கூட்டத்தை வளைச்சு அரைவட்டமா திரும்பிக் கரைக்கு வரும், அப்புறம் ரெண்டு பக்கமும் நின்னு இழுப்பாங்க. இதுக்கு கடலடி சுத்தமா இருக்கணும். நடுவுல என் சங்கிலி கிடந்தா வலை அதுல மாட்டும், கிழியும், இல்ல கீழ்விளிம்பு தூக்கிக்கிட்டு மீன் முழுக்க அடியில நழுவிப் போயிடும். கிழிஞ்ச வலையைப் பொத்தறது எத்தனை நாள் வேலைன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்க போய் நாலாம் நாள், காலை ஆறு மணி இருக்கும், ஒரு பிரோக் வந்து எங்க படகுக்குப் பக்கத்துல நின்னுச்சு. பெரியவர் ஒருத்தர், கூட ரெண்டு பசங்க. குட் மார்னிங் சொன்னார், எல்லாரும் தூங்கினீங்களான்னு விசாரிச்சார், அதுக்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். குடாவுக்குள்ள மீன் ஏறியிருக்கு, எங்களை கொஞ்சம் அந்தப் பக்கம் நகர முடியுமான்னு கேட்டார். கை காட்டின பக்கம் பார்த்தா தண்ணி மேல ஒரு இருட்டு நிழல், அதுமேல பெலிக்கன் விழுந்து விழுந்து எழுந்துட்டு இருக்கு, உச்சியில கப்பல் கூழைக்கடா (ஃபிரிகேட் பறவை) ரெண்டு மூணு, அந்தப் பறவைக்கு இங்கிலீஷ்ல பழைய பேர் மேன் ஆஃப் வார், குடாவோட பேரும் அதேதான்.

அவர் அதிகாரமா சொல்லலை, கெஞ்சவும் இல்லை. தன் வீட்டு வாசல்ல வண்டி நிறுத்தினவங்ககிட்ட எப்படிக் கேட்பாங்களோ அப்படி. நாங்க காபியை அப்படியே வெச்சிட்டு இன்ஜினைப் போட்டோம், 70 மீட்டர் சங்கிலியைச் சுருட்ட பதினஞ்சு நிமிஷம் ஆச்சு, அந்தப் பதினஞ்சு நிமிஷமும் அவர் மீனையே பார்த்துட்டு நின்னார், எனக்கு ஒவ்வொரு மீட்டருக்கும் மனசு பதறுச்சு, ஏன்னா மீன் கூட்டம் யாருக்காகவும் காத்திருக்காதுல்ல. பக்கத்துல இன்னொரு படகு, பெரிய படகு, அவங்க நகரலை. நங்கூரம் போடறது எங்க உரிமைன்னு ஏதோ பேசினாங்க. நான் நேராவே சொல்றேன், அது தப்பு. நமக்கு அது லீவு, அவங்களுக்கு அது வேலை. அந்தக் குடாவுல அவங்க தாத்தா காலத்துல இருந்து வலை போடறாங்க, நாம பத்து நாள்ல போயிடுவோம்.

நல்லவேளை, நாங்க விட்ட இடம் போதுமானதா இருந்துச்சு. வலை விட்டு கரைக்கு வந்ததும் நாங்களும் டிங்கியில (கரைக்குப் போய் வர்ற சின்ன படகு) போய் கயிறு பிடிச்சோம். ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட பசங்க, கடைக்குப் போற அம்மா, எல்லாரும் பையை மணல்ல வெச்சிட்டு கொஞ்ச நேரம் இழுத்துட்டுப் போறாங்க. கயிறு ஈரம், மணல் ஒட்டி உள்ளங்கையை அரம் மாதிரி அறுக்குது, ஒரு மணி நேரத்துல என் கை ரெண்டும் கொப்புளம். வலையோட மடி கரைக்கு வந்தப்ப வெள்ளியா துள்ளற பாரைக்குஞ்சுங்க. கயிறு பிடிச்சவங்க எல்லாருக்கும் ஒரு பங்கு, எங்களுக்கும் அரை பக்கெட் கொடுத்தாங்க, வேண்டாம்னு சொன்னதுக்கு அந்தப் பெரியவர் முகம் மாறிடுச்சு, வாங்கிக்கிட்டோம்.

அதனால என் வேண்டுகோள், கரீபியன்ல மட்டும் இல்லை, எந்த மீனவ குடாவுக்குப் போனாலும் நங்கூரம் இறக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல போற படகைப் பார்த்து கையாட்டி, இங்க போடலாமா, வலை இழுப்பீங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க. நாங்க முதல் நாளே கேட்டிருந்தா அந்தப் பதினஞ்சு நிமிஷம் மிச்சம் ஆயிருக்கும்.

அங்க பைரேட்ஸ் பேன்னு ஒரு இடம் இருக்காமே, பயமா இல்லையா?
(வாசகி, மதுரை)

பேரு மட்டும்தான் பழைய கடற்கொள்ளைக் காலத்தை வெச்சு. ஊர்ல இருந்து மலைமேல நடந்து நிறைய படிக்கட்டு இறங்கினா வர்ற அமைதியான கடற்கரை, ரோடு கிடையாது. பொதுவா எந்தத் தீவுலயும் டிங்கியை ராத்திரி தண்ணியில விடாம தூக்கிக் கட்டி பூட்டிடுங்க, அது பழக்கமா இருக்கட்டும்.

புயல் சீசன்ல அங்க இருக்கலாமா? என் பையன் கனடாவுல இருந்து போகணும்ங்கறான்.
(வாசகர், யாழ்ப்பாணம்)

சீசன் ஜூன் 1-ல இருந்து நவம்பர் 30 வரைக்கும். டொபேகோ 11 டிகிரி வடக்குல இருக்கு, பெரும்பாலான புயல் அதுக்கு மேல வடக்கால போயிடும், அதனாலதான் நிறைய பேர் அந்த மாசங்களுக்கு கிரெனடா, டிரினிடாட், டொபேகோ பக்கம் இறங்கி வர்றாங்க. ஆனா வராதுன்னு சொல்லிடாதீங்க ஐயா. 1963 செப்டம்பர் 30 அன்னிக்கு ஃப்ளோரா புயல் டொபேகோவை நேரா அடிச்சுது, தென்னையும் கோகோ தோட்டமும் அழிஞ்சு தீவோட விவசாயமே அதோட படுத்துடுச்சு. 2024 ஜூலை 1-ல பெரில் கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கு தீவை அடிச்சப்ப, பாதுகாப்புன்னு நம்பி அலையாத்திக் காட்டுக்குள்ள கட்டி வெச்ச படகுங்களே ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கிடந்துச்சு. சார்லட்வில் வடமேற்கு பார்த்த குடா, புயலுக்கு ஒளியற இடம் இல்லை. குளிர்காலத்துல கூட வடக்கு அட்லாண்டிக்ல எங்கயோ அடிச்ச புயலோட நீள அலை உள்ள வந்து ராத்திரி பூரா படகைத் தாலாட்டும், அப்ப டிங்கியை கரையில இறக்கறதே கஷ்டம். தம்பியை ஜனவரிக்கு அப்புறம் போகச் சொல்லுங்க, கிறிஸ்துமஸ் சமயத்துல காத்து கொஞ்சம் உக்கிரமா இருக்கும். கிரெனடால இருந்து வர்றதா இருந்தா 80 மைலுக்கு மேல, காத்தும் நீரோட்டமும் ரெண்டும் எதிர்ல, அதையும் கணக்குல வெச்சுக்கட்டும்.

கேட்டமரான் நம்ம கட்டுமரம்தானே? அது நல்லதா, ஒத்தை உடல் படகு நல்லதா?
(வாசகர், பாண்டிச்சேரி)

வார்த்தை நம்மளோடது, சந்தேகமே இல்லை. ஆனா அந்த ரெட்டை உடல் வடிவம் பசிபிக் தீவுக்காரங்களோடது, நம்ம கட்டுமரம் மரத்தைச் சேர்த்துக் கட்டினது. நங்கூரத்துல கேட்டமரான் கம்மியா உருளும், ஆழம் குறைஞ்ச இடத்துலயும் நிக்கும். ஆனா ஒத்தை உடல் படகு பக்கத்துல நின்னா ரெண்டும் வேற வேற மாதிரி திரும்பும், ஒண்ணு காத்தைக் கேக்கும், இன்னொண்ணு நீரோட்டத்தைக் கேக்கும். இடைவெளி தாராளமா விடுங்க.

கரைக்குப் போனா என்ன பேசறது, எப்படிப் பழகறது?
(வாசகி, திருச்சி)

முதல்ல பேப்பர் வேலை. மஞ்சள் கொடி ஏத்திட்டு வந்து, கஸ்டம்ஸ், இமிக்ரேஷன் முடிச்சு, அப்புறம் மஞ்சளை இறக்கி அந்த நாட்டுக் கொடியை ஏத்தணும். ரெண்டு ஆபீஸும் சார்லட்வில்லயே இருக்கு. அடுத்தது வணக்கம் சொல்றது. கடைக்குள்ள நுழைஞ்சா, ரோட்ல எதிர்ல ஆள் வந்தா வணக்கம் சொல்லாம போகக் கூடாது, அது மரியாதைக் குறைவு. சாயங்காலம் பார்க்கும்போதே குட் நைட்டுன்னு சொல்லுவாங்க, போயிட்டு வாங்கன்னு அர்த்தம் இல்லை, வாங்கன்னு அர்த்தம். நண்டு குழம்பும் டம்ப்ளிங்கும் சாப்பிட்டுப் பாருங்க, அந்தக் கறி மசாலா 1845-ல இருந்து டிரினிடாடுக்குக் கப்பல்ல போன ஒப்பந்தக் கூலி ஜனங்க கொண்டுபோனது, அதுல மெட்ராஸ்ல ஏறினவங்களும் உண்டு.

நங்கூரம் சிக்கிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?
(வாசகர், தூத்துக்குடி)

சங்கிலியை நேர் செங்குத்தா இறுக்கிக் கட்டிட்டு அலை தூக்கித் தரும்னு கொஞ்சம் பொறுப்போம், வரலைன்னா போட்டதுக்கு எதிர்ப்பக்கமா போய் இழுப்போம். நீங்க பார்னு சொல்ற மாதிரி பாறைத்தரைன்னு தெரிஞ்சா முன்கூட்டியே நங்கூரத்தோட தலையில தனிக் கயிறு கட்டி மிதவை விட்டுடுவோம்.

சார்லட்வில்ல கிளம்பற அன்னிக்கு எங்களுக்கு இதுதான் ஆச்சு, நகர்ந்து போட்ட ரெண்டாவது இடத்துல. ரெண்டு வழியும் பார்த்தோம், வரலை. அந்தப் பெரியவர் கூட வந்த ரெண்டு பசங்கள்ல மூத்தவன் கரையில இருந்து பார்த்துட்டு, கேக்காமலே பிரோக்கை எடுத்துட்டு வந்தான், கண்ணாடி மாட்டி மூச்சடக்கி இறங்கினான். நான் மேல நின்னு எண்ணிட்டு இருந்தேன், நாப்பத்தஞ்சு வரைக்கும் எண்ணினேன். சங்கிலி லேசாச்சு, அவன் தலை வெளிய வந்துச்சு, கையில ஒரு பழைய மீன் கூட்டோட துருப்பிடிச்ச கம்பி வலைத் துண்டு, எங்க நங்கூரம் அதுலதான் மாட்டியிருக்கு. காசு கொடுத்தப்ப வாங்கிக்கிட்டான். அந்தக் கம்பித் துண்டை திரும்பக் கடல்ல போடலை, படகுக்குள்ள போட்டுக்கிட்டுக் கரைக்குப் போனான்.